மீன்தொட்டிக்கு வந்த போர்டு வெளிச்சம்

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டு வண்ணமீன் கடையில் மாரிக்கண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். தொட்டிக்குள்ளே நிஜச் செடி வளர்க்க என்ன லைட் போடவேண்டும்?

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். கைலியில் பஞ்சு, மீசையில் பஞ்சு, காதோரத்தில் பஞ்சு. விசைத்தறிக் கூடத்திலிருந்து நேரே வருகிற ஆள் என்பது சொல்லாமலே தெரிந்தது.

"செடி லைட்டு வெளிநாட்டுச் சரக்குவே. பன்னெண்டாயிரத்துல ஆரம்பம். ஒமக்கு எதுக்கு அது? இந்தா பாரும், பிளாஸ்டிக் செடி. வெயில் வேண்டாம், உரம் வேண்டாம், தண்ணியும் ஊத்தவேண்டாம்."

"தொட்டிக்குள்ள கெடக்கப்போற செடிக்குத் தண்ணி ஊத்தவேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்று பக்கத்தில் மீன்தீனி வாங்கிக்கொண்டிருந்த இளைஞன் சிரித்தான். கடைக்காரர் சிரிக்கவில்லை. மாரிக்கண்ணன் அந்த இளைஞனைப் பார்த்தான். மூன்று விரல்களில் பச்சைக் கறை. தொட்டிக் கண்ணாடியை விரலால் வழிக்கிறவனுக்குத்தான் அந்தக் கறை வரும்.

பெயர் முகம்மது அப்சல். கடையநல்லூர்க்காரன். சார்ஜாவில் ஏசி மெக்கானிக், இரண்டு மாத லீவில் வந்திருந்தான். வெளியே வந்து டீ குடித்தார்கள். டீ முடிவதற்குள் மாரிக்கண்ணன் அந்த வார ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூருக்கு வருவதாகச் சொல்லிவிட்டான். இருபத்து மூன்று வருசத் தறி வேலையில் அவன் ஞாயிற்றுக்கிழமையில் தூங்காமல் எழுந்து பஸ் ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அப்சல் வீட்டு ஹாலில் அந்த மூன்றடித் தொட்டி இருந்தது. மாரிக்கண்ணன் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலிலும் ஒன்று நடையிலுமாகக் கிடந்தது. தொட்டிக்குள்ளே செடியும் கல்லுமாக ஒரு மலையடிவாரம். அதற்குமேல் நாற்பது டெட்ரா மீன்கள், ஊசியில் கோத்த நீல நூலைப் போல ஒரே பக்கமாகத் திரும்பின. அவனுடைய வீட்டிலும் ஒரு தொட்டி உண்டு. இரண்டடி. மகள் வேல்விழி நர்ஸிங் படிக்கக் கோவில்பட்டி ஹாஸ்டலுக்குப் போனபிறகு, அவளுடைய கட்டில் கிடந்த இடம் வெறிச்சென்று இருக்கிறதென்று வாங்கிப் போட்டது. அதில் ஆறு கப்பி மீனும் ஒரு சிப்பியும் இருந்தன. இதைப் பார்த்தபிறகு அதைத் தொட்டி என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

"லைட்டு செத்துப்போச்சு அண்ணாச்சி" என்றான் அப்சல். "சார்ஜாவுலேருந்து தூக்கிட்டு வந்தது. பத்து நாளைக்கு முன்னாடி வோல்டேஜ் ஏறி அடிச்சதுல பொசுங்கிட்டு. ஜன்னல் வெயில்ல ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். நான் போயிட்டா உம்மாவுக்கு முட்டுவலி, வாளி தூக்கித் தண்ணி மாத்த முடியாது. திருநெல்வேலியில ஒரு கடைக்காரரு எடுத்துக்கிடுதேன்னாரு. அவரு மீன மீனாவும் செடியச் செடியாவும் பிரிச்சு வித்துருவாரு."

மாரிக்கண்ணன் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனசில் இருந்ததை மூஞ்சி சொல்லியிருக்க வேண்டும்.

அப்சல் சட்டைக் கையைச் சுருட்டித் தொட்டிக்குள் விட்டு, சிவப்பு இலைச் செடியில் ஏழு தண்டு கிள்ளினான். ஈரத்தாளில் சுற்றிக் கவரில் போட்டான்.

"லுட்விஜியான்னு பேரு. வெளிச்சம் பத்தலைன்னா பச்சையாயிரும், அப்புறம் காலு அழுகி மெதக்கும். சும்மா கேட்டு வாங்கிட்டுப்போன மூணு பேரு மீனக் கொன்னுட்டானுவ. அதனால கோச்சுக்கிடாதீங்க, ஒரு கண்டிசன். நாப்பது நாள்ல நான் கெளம்பணும். அன்னைக்கு ஒங்க வீட்டுக்கு வாரேன். நீங்களே செஞ்ச லைட்டுக்குக் கீழ இது செவப்பா நின்னா, மூணடித் தொட்டி மீனோட, செடியோட ஒங்களுக்கு. ஒரு பைசா வேண்டாம். நிக்கலைன்னா திருநெல்வேலிக்கு."

பஸ்ஸில் திரும்பும்போது மாரிக்கண்ணன் அந்தக் கவரை மடியில் வைக்கவில்லை. மடி சூடு. ஜன்னல் ஓரமாகக் கையில் தூக்கிப் பிடித்தபடியே வந்தான். புளியங்குடியில் ஏறிய அம்மா ஒருத்தி, "என்ன தம்பி, கீரையா?" என்றாள். "ஆமா, கண்ணாடிக்குள்ள வளர்ற கீரை" என்றான். அவனுக்கு அன்று யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம்போல இருந்தது.

*

ஏசுவடியான் போர்டு கடை வைத்திருந்தான். கடைகளுக்கு எரிகிற எழுத்துப் பலகை செய்கிறவன். மாரிக்கண்ணனோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. மறுநாளே நான்கு எல்இடி பல்பும் நான்கு ஹோல்டரும் ஒரு பலகையுமாக வந்து நின்ற மாரிக்கண்ணனைப் பார்த்து ஏசுவடியான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"இத எங்கன மாட்டப்போறீரு?"

"தொட்டிக்கு மேலதான்."

"தண்ணிக்கு மேல இருநூத்தி முப்பது வோல்ட்டத் தொங்கப்போட்டு, அதுக்குள்ள கைய விட்டுச் செடி நடப்போறீரு. ஒம்ம பொண்டாட்டி நல்லாருக்கட்டும்வே. கல்லறைக்கு மேல எரியுத போர்டு நானே செஞ்சு தாரேன்."

"நீரு என்னதான் சொல்லுதீரு?"

ஏசுவடியான் பரணைக் காட்டினான். மூடிப்போன ஒரு பேன்சி ஸ்டோரின் போர்டு மேலே கிடந்தது. முழ உயர எழுத்துகள். 'பே' மேல் பல்லி முட்டை. ஒரு எழுத்தின் முதுகைத் திறந்து காட்டினான். உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவில் சின்னச் சின்ன லைட்டுகள், வயரில் மாலை கோத்ததுபோல வரிசையாக. ஒவ்வொன்றிலும் மூன்று கண்.

"மாடியூல்னு சொல்லுவோம். பன்னெண்டு வோல்ட். ஈரக்கையோட தொட்டாலும் கூசக்கூடச் செய்யாது. நாலு வருசம் மழையில நனைஞ்ச போர்டுக்குள்ள கெடந்தது, தண்ணி ஆவி இத ஒண்ணும் செய்யாது. பேன்சியப் பிரிச்சா பதினாறு வரும். ஸ்டோர்ல பதினாலு. அவ்வளவு போதும் ஒம்ம தொட்டிக்கு."

அன்று முழுக்க இருவரும் எழுத்துகளைப் பிரித்தார்கள். 'பே' கொம்பில் இரண்டு எரியவில்லை. 'ஸ்' முழுசாக எரிந்தது. ஓரத்தில் பூ டிசைனுக்குப் போட்டிருந்த சிவப்பு மாடியூல் நான்கு கிடைத்தபோது மாரிக்கண்ணன், "செடிக்குச் செவப்பு வெளிச்சம் வேணும்னு யூடியூப்ல சொன்னாம்லா!" என்று கத்தினான். எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்து கூடு. தறிக்கூடத்தில் பழைய டியூப்லைட்டுகளைக் கழற்றிய பிறகு தகரப் பட்டிகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. சூப்பர்வைசரிடம் கேட்டு ஒன்றை எடுத்துவந்து, இரண்டாக வெட்டி அருகருகே சேர்த்து முடுக்கினான். உள்புறம் வெள்ளை பெயிண்ட். வெளிச்சம் மேலே போகாமல் முழுக்கக் கீழே விழும். பசை தடவி மாடியூல்களை ஒட்டினார்கள். வெள்ளை, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. வயர் மட்டும் ஏசுவடியானிடம் ஒரே நிறத்தில்தான் மிச்சமிருந்தது, இரண்டும் கறுப்பு. பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் ஒன்றைக் கோர்த்தார்கள். பரணில் இரண்டு கொக்கி அடித்து, பாவு நூலை முறுக்கித் திரித்த கயிற்றில் லைட்டைத் தொங்கவிட்டான்.

சுவிட்சைப் போட்டதும் வீட்டின் பின்னறை வேறு வீடாகிவிட்டது. தண்ணீருக்குள் அலையின் நிழல் மணலில் ஓடியது. மணலுக்கு அடியில் திருவேங்கடத்துக் கரிசல் மண், இரண்டங்குலம். அதில் ஏழு தண்டு, ஏழு சிவப்புக் கொண்டை. மாரிக்கண்ணன் மனைவி செல்வமணி, முன்னறையில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தவள், கத்தரிக்கோலோடு வந்து நிலையில் சாய்ந்தாள்.

"எம்புட்டு ஆச்சு?"

"எண்ணூத்தம்பது. அடாப்டரோட."

"கல்யாண வீடு மாரில்லா இருக்கு" என்றாள். அது பாராட்டா கிண்டலா என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நேரமில்லை. தரையில் குப்புறப் படுத்துத் தொட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

தறிக்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு. தறி ஓடினால் துணி வரும். நின்றால் வராது. அவசரமென்றால் இரண்டு ஷிப்ட் ஓட்டு, இரண்டு மடங்கு துணி. வெளிச்சத்தில்தான் செடி வளருமென்றால் வெளிச்சத்தையும் அப்படி ஓட்ட வேண்டியதுதானே? காலை ஐந்தரைக்கு லைட்டைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவான். இரவு ஒன்பதரைக்கு அணைப்பான். பதினாறு மணி நேரம். தறிக்கூடத்தில் பக்கத்துத் தறி கோமதிநாயகத்திடம், "செடிக்கு டபுள் ஷிப்ட் போட்டுருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னான். கோமதிநாயகமும், "அப்ப இருபது நாள்ல நாப்பது நாள் வளத்தி வந்துரும்லா" என்றார். அந்தக் கணக்கில் இருவருக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் கண்ணாடியில் லேசாகப் பச்சை. எட்டாம் நாள் மணலில் பச்சை. பன்னிரண்டாம் நாள் சிவப்பு இலைகளின் மேல் முடிமுடியாகப் பாசி ஏறிக் கொண்டைகள் கிழவன் தாடிபோலத் தொங்கின. மாரிக்கண்ணன் பல்துலக்கும் பிரஷால் இலை இலையாகத் தேய்த்தான். காலையில் தேய்த்தது மாலையில் திரும்ப வந்தது. பதினான்காம் நாள் ஒரு தண்டு வேரறுந்து மிதந்தது. மறுநாள் இன்னொன்று.

மிதந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். கருத்துப்போன அடித்தண்டு வழுவழுவென்று விரலில் ஒட்டியது.

"ஏழுல ரெண்டு போச்சு" என்றான்.

"மிச்சம் அஞ்சு இருக்குல்லா. மூஞ்சியக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள் செல்வமணி.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் திருநெல்வேலிக் கடைக்காரர் வலையோடு நின்றார். நாற்பது டெட்ராவையும் பத்துப் பத்தாகக் கவரில் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் மாரிக்கண்ணனுக்கு நைட் ஷிப்ட் மாறியது. காலை ஆறேகாலுக்கு வந்து லைட்டைப் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுவான். ஐந்தரைக்குக் கிளம்பும்போது செல்வமணியிடம், "ஒம்பதரைக்கு மறக்காம அணைச்சிரு, அதுக்கு முன்னால கைய வச்சிராத" என்று சொல்லிவிட்டுப் போவான். அவளும், "சரி, சரி" என்பாள்.

அப்புறம்தான் அந்த அதிசயம். மூன்றாம் நாள் கண்ணாடியில் புதுப் பாசி இல்லை. ஐந்தாம் நாள் முடிப்பாசி வெளுத்து உதிர்ந்தது. எட்டாம் நாள் ஐந்து தண்டிலும் புதுக்கொண்டை, குங்குமத்தை எண்ணெயில் குழைத்த நிறத்தில். மாரிக்கண்ணன் சைக்கிளில் தறிக்கூடத்துக்குப் பறந்தான்.

"கரிசல் மண்ணுவே!" என்று தறிச் சத்தத்துக்கு மேலாகக் கோமதிநாயகத்தின் காதில் கத்தினான். "வேர் இப்பத்தான் மண்ணப் பிடிச்சிருக்கு. திருவேங்கடத்து மண்ணுல பருத்தியே அப்படி நிக்குமே, இது நிக்காதா?"

கோமதிநாயகம் மறுநாளே மச்சானை விட்டுத் திருவேங்கடத்திலிருந்து ஒரு சாக்குக் கரிசல் எடுத்துவரச் செய்தார். அவருக்கு மீன்தொட்டி கிடையாது. மல்லிகைச் செடிக்காம். மாரிக்கண்ணன் ஏசுவடியானுக்குப் போன் போட்டு மண்ணின் மகிமையை அரைமணி நேரம் சொன்னான். கொண்டைகளைக் கிள்ளி மறுபடி நட்டால் அதுவும் வேர்விடும் என்று தெரிந்து ஆறு நுனி கிள்ளி நட்டான். ஐந்தும் ஆறும் பதினொன்று.

*

இருபத்தாறாம் நாள் பகல் பன்னிரண்டரை இருக்கும். தூக்கத்தில் போன் அடித்தது. அப்சல்.

"அண்ணாச்சி, டிக்கெட் போட்டாச்சு. சொன்ன தேதிதான். நம்ம ஆளுக எப்படி இருக்காக?"

"தங்கம்லா!" மாரிக்கண்ணன் பாயிலிருந்து துள்ளி எழுந்தான். "நெறம்னா நெறம், அப்படி ஒரு நெறம். இரும், பக்கத்துல போய் நின்னு சொல்லுதேன்."

பின்னறைக்குப் போனவன் அப்படியே நின்றான். தொட்டி இருட்டாகக் கிடந்தது. மேலே இரண்டு கொக்கியும் வெறுமையாக இருந்தன. லைட்டைக் காணோம்.

"அண்ணாச்சி? லைன்ல இருக்கீகளா?"

"ம். நல்லா… நல்லா இருக்கு தம்பி. பெறவு பேசுதேன்."

முன்னறையிலிருந்து தையல் மிஷின் சத்தமும், வெள்ளையில் லேசாகச் சிவப்புக் கலந்த வெளிச்சமும் வந்தன. அந்த வெளிச்சத்தை அவன் எங்கே கண்டாலும் கண்டுபிடித்துவிடுவான். துணி காயப்போடுகிற கொடியில், துணிக்கொக்கிக்குப் பக்கத்தில், பேன்சி ஸ்டோர் லைட் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே செல்வமணி கறுப்பு நைட்டிக்குக் கறுப்பு நூலால் பட்டன் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி!"

"சத்தம் போடாதீங்க. தையல் விலகிரும்."

"எத்தன நாளா நடக்கு இது?"

"கறுப்பு நைட்டி வந்த நாளையிலருந்து. நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதும் எடுப்பேன், மூணு மணிக்கு மாட்டிருவேன். பதினோரு நாளாச்சு." ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் மேலும் சொன்னாள். "சாயங்காலம் ஏழு மணிக்கும் அணைச்சிருவேன். டிவிக் கண்ணாடியில இந்த லைட்டு அடிச்சா நாடகத்துல ஒரு மூஞ்சியும் தெரியமாட்டேங்கு."

"செடி செத்துப்போகும்ட்டி!"

மிஷின் நின்றது. செல்வமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்துச்சா?"

மாரிக்கண்ணன் பின்னறையைத் திரும்பிப் பார்த்தான். பதினோரு நாள். பாசி நின்றதும் பதினோரு நாளாகத்தான். விரல்விட்டு எண்ணினான். காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் நான்கு. இடையில் இருட்டு.

"அப்போ கரிசல் மண்ணு?"

"மண்ணு ஒங்க தலையில. டபுள் ஷிப்ட் பாத்துட்டு வருவீங்கள்லா, மறுநா கண்ணாடியில ஒங்க மூஞ்சியப் பாத்துருக்கீங்களா? பாசி படிஞ்ச மாரித்தான் இருக்கும். அதுவும் உசுரு உள்ளதுதான. நடுவுல ஒருநேரம் கால நீட்டிப் படுக்கவேண்டாமா?"

அவனுக்கு முதலில் வந்தது கோபம். கோபம் தொண்டைக்கு வருவதற்குள் சிரிப்பாகிவிட்டது. தறிக்கூடத்தில் முப்பது பேருக்கு மண்ணின் மகிமையைச் சொல்லியிருந்தான். ஒருத்தர் சாக்கில் வேறு அள்ளிவந்திருந்தார். அந்த முன்னறைத் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வரச் சிரித்தான். செல்வமணியும் சிரித்தாள். கறுப்புப் பட்டன் ஒன்று உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவளே எழுதி ஒட்டினாள்: ஆறு முதல் பத்து, செடி. பத்து முதல் மூணு, நைட்டி. மூணு முதல் ஏழு, செடி. ஏழுக்கு மேல் நாடகம்.

*

நாற்பதாம் நாள் ஊருக்கே கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. தறிக்கூடமெல்லாம் பூட்டு. தெருவில் இவ்வளவு அமைதி இருக்கும் என்பதே அன்றுதான் தெரியும். பெரியகோயில் மணி சன்னதித் தெருவைத் தாண்டி இங்கே வரை கேட்டது.

மாரிக்கண்ணன் பதறவில்லை. அப்சல் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் வருவதாகச் சொல்லியிருந்தான். காலையிலேயே பாதித் தண்ணீர் மாற்றி, கண்ணாடியைத் துடைத்து, முகச்சவரமும் செய்திருந்தான்.

பதினொன்றரைக்கு வாசலில் பைக் வந்து நின்றது.

"அண்ணாச்சி, திருவனந்தபுரம் போற கார மத்தியானத்துக்கு மாத்திட்டானுவ. பத்து நிமிசந்தான் இருக்கு. மனசு கேக்கல, பாத்துட்டுப் போயிருவோம்னு வந்துட்டேன்."

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. அப்சல் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். போன் வெளிச்சத்தில் எல்லாமே சாம்பல் நிறம். தண்டுகள் நிற்பது தெரிந்தது. சிவப்பா, பழுப்பா, தெரியவில்லை.

"லைட்டப் பாக்காம எப்படி அண்ணாச்சி…" என்று இழுத்தான். கடிகாரத்தைப் பார்த்தான். "அந்தத் திருநெல்வேலிக்காரரும் இன்னைக்கே வண்டி அனுப்புதேன்னு நிக்காரு. நான் போனபிறகு உம்மாவால அவருகிட்டப் பேச முடியாது."

மாரிக்கண்ணன் கணக்குப் போட்டான். நாற்பது நாள். ஐந்தரை மணி நேரத்தில் கரண்ட் வந்துவிடும். ஐந்தரை மணி நேரத்தில் அந்த மீன்கள் தென்காசி ரோட்டில் எங்கே போய்க்கொண்டிருக்குமோ.

"தம்பி" என்று முன்னறையிலிருந்து செல்வமணி கூப்பிட்டாள். "ஒங்க வண்டியில மஞ்ச லைட்டு மினுக்கிக்கிட்டே நிக்கி. சாவிய எடுக்காம வந்துட்டீகளா?"

இண்டிகேட்டர். அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து. மாரிக்கண்ணன் அதைப் பார்த்தான். கரண்ட் இல்லாத ஊரில் எரிகிற லைட். பன்னிரண்டு வோல்ட்!

"வண்டிய உள்ள தள்ளு தம்பி!"

"எங்க?"

"வீட்டுக்குள்ள!"

பைக்கின் முன்சக்கரம் நிலைப்படியைத் தாண்டி முன்னறைக்குள் வந்தது. செல்வமணி நைட்டிக் குவியலை அள்ளிக்கொண்டு ஒதுங்கினாள். பைக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் பேட்டரி. மாரிக்கண்ணன் அடாப்டர் முனையைப் பல்லால் கடித்துத் துண்டித்தான். மிச்சம் கிடந்த வயரை நீட்டிச் சேர்த்து இரண்டு முனையையும் பேட்டரிக் கம்பியில் வைத்து அழுத்தினான்.

எரியவில்லை.

மறுபடி அழுத்தினான். எரியவில்லை. ஏசுவடியானின் வயர் இரண்டும் கறுப்பு. எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

"மாத்தி வையுங்க" என்றாள் செல்வமணி.

"ஏதாவது ஆயிட்டுன்னா?"

"சட்டைய மாத்திப் போட்டா கழத்திப் போடமாட்டீங்களா? மாத்தி வையுங்க."

மாற்றினான்.

பின்னறையிலிருந்து வெளிச்சம் பாய்ந்து வந்து பைக்கின் டேங்க்கில் அடித்தது. "யா அல்லாஹ்" என்று உள்ளேயிருந்து அப்சலின் குரல்.

கம்பியை அழுத்திப் பிடித்திருந்ததால் மாரிக்கண்ணனால் உள்ளே போக முடியவில்லை. நாற்பது நாள் காத்திருந்த காட்சி உள்ளே நடக்கிறது, அவனோ முன்னறையில் ஒரு பைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறான்.

"என்ன தம்பி? என்ன தெரியுது? சொல்லும்!"

உள்ளே முழங்கால் தரையில் பட்ட சத்தம் கேட்டது.

செல்வமணி இரண்டு துணிக்கிளிப்பைக் கொண்டுவந்து வயரைக் கம்பியோடு சேர்த்துக் கவ்வ விட்டாள். "போங்க" என்றாள். அவன் ஓடினான்.

அப்சல் தரையில் மண்டியிட்டு, மூக்கு கண்ணாடியில் படப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொரு தண்டுகளும் சிவந்து நின்றன. காலையில் புதுத்தண்ணீர் குடித்த இலைகள் வெளிச்சத்தைக் கண்டதும் வேலையைத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு இலை நுனியிலும் குண்டூசித் தலையளவு காற்றுக்குமிழ் கோத்து, பெருத்து, பிடியை விட்டு மேலே போனது. ஒன்று, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசையாக.

"செடி மூச்சு விடுது அண்ணாச்சி" என்றான் அப்சல். "என் தொட்டியில லைட்டு போனபிறகு நான் இதப் பாக்கவே இல்ல."

மாரிக்கண்ணன் தொண்டையைச் செருமினான். "ஒரு விசயம் சொல்லணும். ஏழும் நிக்கல. ரெண்டு செத்துட்டு. டபுள் ஷிப்ட் ஓட்டி நாந்தான் கொன்னேன். இதுல அஞ்சுதான் ஒம்ம தண்டு. மத்த ஆறும் அதுல கிள்ளி நட்டது. மிச்சத்தக் காப்பாத்துனதும் நான் இல்ல, அவ. எனக்குத் தெரியாம."

அப்சல் திரும்பி இருவரையும் பார்த்தான். காலண்டர் தாளைப் படித்தான். 'பத்து முதல் மூணு, நைட்டி' என்ற வரியில் கண் நின்றது. கதை முழுக்கக் கேட்டுவிட்டு, பத்து நிமிசம் என்று வந்தவன், அரைமணி நேரம் சிரித்தான். செல்வமணி கொடுத்த டீ ஆறியே போனது.

"எங்கிட்ட வாங்கிட்டுப்போன மூணு பேரும், 'எல்லாம் நல்லாருக்கு'ன்னுதான் கடைசிவரைக்கும் சொன்னானுவ அண்ணாச்சி" என்று எழுந்தான். போனை எடுத்து யாருக்கோ பேசினான். "திருநெல்வேலி வேண்டாம்னு சொல்லிரு. குட்டியானை வண்டிய நம்ம வீட்டுக்கு வரச்சொல்லு. தொட்டி சங்கரன்கோவிலுக்குப் போகுது."

பைக்கைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் முனகிவிட்டு ஓய்ந்தது. உதைத்துக் கிளப்பினான். "பேட்டரியக் குடிச்சிட்டீகளே!" என்று தெருமுனை வரை கத்திக்கொண்டே போனான்.

மூன்றரைக்குக் குட்டியானை வந்தது. தொட்டியை நான்கு பேர் தூக்கி, வேல்விழியின் கட்டில் கிடந்த இடத்தில், இரண்டடித் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். மீன்களெல்லாம் தண்ணீர் கட்டிய கவர்களில், செடிகள் ஈரச்சாக்கில். மாரிக்கண்ணன் நாற்பதையும் எண்ணினான். முப்பத்தொன்பது வந்தது. மறுபடி எண்ணினான். நாற்பது. மகளுக்குப் போட்டோ அனுப்பினான். "அப்பா, நான் லீவுக்கு வந்தா எங்க படுக்க?" என்று பதில் வந்தது.

"மூணடிக்கு இந்த லைட்டு பத்தாது" என்றான் செல்வமணியிடம்.

"தெரியும். செய்யும்போது ரெண்டாச் செய்யுங்க. என்னால தெனமும் ஏறி எறங்கிக் கழட்டி மாட்டிக்கிட்டிருக்க முடியாது."

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. தெரு முழுக்கத் தறிகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பிடித்தன. அவனுக்கு அன்று நைட் ஷிப்ட். சைக்கிளை எடுத்தவன் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் போர்டுகள் எரியத் தொடங்கியிருந்தன. செருப்புக் கடை, நகைக்கடை, பல் டாக்டர். ஒரு மொபைல் கடையின் ஷட்டரில் 'இடம் மாற்றம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மாரிக்கண்ணன் நின்று தலையை நிமிர்த்தி மேலே பார்த்தான். ஆறு பெரிய எழுத்து. ஒன்றுக்கு எட்டு மாடியூல் வைத்தாலும் நாற்பத்தெட்டு.

போனை எடுத்தான். "ஏசுவடியான், எங்கன இருக்கீரு? ஏணிய எடுத்துட்டு வாரும்வே."